செவ்வாய்க்கிழமை வந்த பெட்டி

கடிதத்தில் எல்லாம் தயாராக இருந்தது. கீழே ஒரு கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"போட மாட்டேன்," என்றாள் அந்தச் செவிலி. நாற்காலியில் உட்காரச் சொல்வதற்கு முன்பே சொன்னாள். "நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. போட மாட்டேன். ஆனா போடலன்னா என்ன செய்யறதுன்னும் தெரியல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

ஆய்வாளரம்மா கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். இருபத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கத்தில் மருந்து ஆய்வாளராக இருந்தவள். ஓர் அறிக்கையில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்ன மேலதிகாரியிடம், அறிக்கையோடு ராஜினாமாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். பதவி போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மருந்து சம்பந்தமாக யாருக்கு என்ன புகார் இருந்தாலும் அவளைத் தேடித்தான் வருவார்கள். வருகிறவர்கள் திறந்துபோட்ட ஏழெட்டு ஃப்ரிட்ஜ்களைத் தாண்டித்தான் அவள் மேசைக்குப் போக வேண்டும். அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அந்தக் கடை அவருடையது. மூலையில் இருந்த மேசை மட்டும் அவளுடையது.

கடிதம் இப்படிச் சொன்னது: 'சனிக்கிழமை மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் என் கைபேசிக்குச் சார்ஜ் போடுவதற்காகத் தடுப்பூசி ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் பொருத்த மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை வரை ஃப்ரிட்ஜ் ஓடாததால் மருந்துகள் அனைத்தும் வெப்பத்தில் கெட்டுப்போயின. இதற்கு முழுப் பொறுப்பும் நானே.'

"கையெழுத்துப் போட்டா?"

"கட்டுப் போடற ரூமுக்கு மாத்திடுவாங்க. இனிமே ஊசியத் தொடக் கூடாது. போடலன்னா செவிலியர் கவுன்சிலுக்குப் புகார் போகும், லைசென்ஸே போயிரும். பத்தொன்பது வருஷம்மா! கதவ மூடிட்டு, மூடினேனான்னு திரும்பிப் போய்ப் பாக்கறவ நான். என் வீட்டுக்காரர் அதுக்கே என்னைக் கேலி பண்ணுவார்."

"மேனேஜர் வேலைதான் இது! சந்தேகமே இல்ல," என்று கம்ப்ரஸருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அங்க மேனேஜர்னு ஒருத்தர் இருக்கார்னே அவங்க இன்னும் சொல்லலியே," என்றாள் ஆய்வாளரம்மா, தலை நிமிராமல்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். "இல்லாமலா இருப்பார்? எல்லா ஆபீஸ்லயும் இருக்காரே."

செவிலிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வாளரம்மா அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, திங்கட்கிழமை என்ன பார்த்தாள் என்று கேட்டாள்.

"எட்டரைக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடக்கு. ஒயர் கீழ தொங்குது. சாக்கெட்ல என் சார்ஜர். அது எப்பவும் எங்க ரூம் டிராயர்லதான் கிடக்கும், யார் வேணா எடுக்கலாம். ஏழு மணிக்கு ஷட்டர் தூக்கின மேனேஜர் அதப் பாத்து போட்டோ எடுத்து, சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்பிட்டார். மருந்தெல்லாம் கொட்டச் சொன்னாங்க."

"கொட்டிட்டீங்களா?"

"எப்படிங்க கொட்டுவேன்? சந்தேகப்பட்ட மருந்தா இருந்தாலும் விசாரணை முடியற வரைக்கும் குளிர்லதான் வைக்கணும். 'பயன்படுத்தக் கூடாது'ன்னு எழுதி ஒட்டி, பிளக்கக் குத்தி, உள்ளேயே வெச்சுட்டேன்."

ஆய்வாளரம்மா அப்போதுதான் முதல்முறையாக அவளை முழுதாகப் பார்த்தாள். "குப்பி மேல இருக்கற கட்டத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அதுதாம்மா எனக்குப் புரியல. கறுக்கவே இல்ல."

மெக்கானிக் விழித்தார். செவிலி அவருக்கு விளக்கினாள்: தடுப்பூசிக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வெளிறிய கட்டம் இருக்கும். மருந்து வெப்பத்தில் கிடந்தால் கட்டம் கொஞ்சங்கொஞ்சமாகக் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து செத்தது. எல்லாவற்றிலும் வெப்பம் தாங்காதது போலியோ சொட்டு மருந்து; அதன் கட்டம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

"டாக்டர்கிட்டச் சொன்னேன். 'அதெல்லாம் நம்ப முடியாது சிஸ்டர், மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க, கையெழுத்தப் போட்டுருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்'னார். நல்ல மனுஷன். மேனேஜர்தான் குதிக்கறார்."

"நான் சொல்லல?" என்றார் மெக்கானிக்.

அன்று மதியமே மூவரும் கிளினிக்குக்குப் போனார்கள்.

கட்டடம் குறுகலாக உயர்ந்திருந்தது. தெருவைப் பார்த்து இரும்பு ஷட்டர். அதன் சாவி மேலாளர் இடுப்பில் தொங்கியது, வேறு யாரிடமும் கிடையாது. உள்ளே பெஞ்சுகள், டோக்கன் மேசை, பிறகு டாக்டர் அறை, கடைசியில் தடுப்பூசி அறை. அதன் வாசலுக்கு எதிரே ஒரு மாடிப்படி. மாடியில் டாக்டர் குடியிருந்தார்; அந்த வீட்டுக்குப் பின்தெருவில் தனி வாசல். வெயில் காலம், மின்விசிறி சுழன்றும் சுவர் சுட்டது. அறிவிப்புப் பலகையில் பழைய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருந்தன. அவற்றில் ஒன்று, போன வாரம் புதன்கிழமை நாள் முழுக்க மின்சாரம் இருக்காது என்றது. ஆய்வாளரம்மா அதை ஏன் அவ்வளவு நேரம் படித்தாள் என்று மெக்கானிக்குக்கு விளங்கவில்லை. முடிந்துபோன மின்வெட்டைப் படித்து என்ன ஆகப்போகிறது?

மேலாளர் சொன்னபடியே குதித்தார். "விசாரணைக்கு நீங்க யாரு? ஆதாரம் இருக்குங்க. பாருங்க, பாத்துட்டுச் சொல்லுங்க!" கைபேசியை முகத்துக்கு நேராக நீட்டினார். படத்தில் ஃப்ரிட்ஜ் வாயைப் பிளந்து நின்றது. வெப்பமானி இருபத்தேழு காட்டியது. கீழே ஒயர், சாக்கெட்டில் சார்ஜர். ஏழு மணி பத்து நிமிடம்.

மெக்கானிக் கைபேசியை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மனைவி அவர் காலை மெதுவாக மிதித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த மிதிக்கு அர்த்தம் தெரியாமலா இருக்கும்?

"இந்தப் படம் எனக்கு வேணும். ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க," என்றாள் ஆய்வாளரம்மா. மேலாளர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

டோக்கன் மேசையில் இருந்தவளை எல்லாரும் டோக்கனம்மா என்றே கூப்பிட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கும் சொல்வாள். "மருந்து கடைசியா வந்தது போன செவ்வாய்க்கிழமைங்க. ஒரு மணி இருக்கும். சிஸ்டர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாங்க, பெரிய பசங்களுக்கு ஊசி போட. மேனேஜர் லீவு. ஷட்டரத் திறக்கவும் பூட்டவும் மட்டும் வந்துட்டுப் போனார். நான்தான் வாங்கி மேசை மேல வெச்சுட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பாத்தா பெட்டி இல்ல. சரி, யாரோ உள்ள வெச்சுட்டாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் சனிக்கிழமை மத்தியானத் தபால்ல ஒரு புத்தகம் வந்துச்சு, அத டாக்டர் மேசைல வெச்சேன். அப்புறம்..."

"போதும்மா. மீதிய நாளைக்குக் கேக்கறேன்."

செவிலி புதன்கிழமை காலை வந்தபோது பெட்டி ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் ஒழுங்காக இருந்ததாம். தேதி பார்த்தாள். பழைய இருப்பைவிடப் புதியதற்குத் தேதி சீக்கிரம் முடிகிறது. முதலில் வந்ததையல்ல, முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே புதியதை முன்னால் வைத்து, புதனிலிருந்து சனிவரை அதையே போட்டாள்.

தபாலில் வந்த புத்தகம் இப்போது தடுப்பூசி அறை அலமாரியில் இருந்தது. 'குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், பெரியவர்களுக்கான தடுப்பூசி: மருத்துவப் பணியாளர் வழிகாட்டி.' பணியாளர் எல்லாரும் படித்துக் கையொப்பமிட வேண்டும் என்று சுகாதார அலுவலகம் கேட்டிருந்ததால், மேலாளர் திங்கட்கிழமை டாக்டர் மேசையிலிருந்து எடுத்துவந்து இங்கே வைத்தாராம். விதி என்றால் அவருக்கு உயிர். ஆய்வாளரம்மா பக்கங்களைப் புரட்டினாள். பதினெட்டாம் பக்கத்துக்குப் பிறகு இருபத்தொன்று வந்தது. முன்பக்கத்துக்குத் திரும்பிப் பொருளடக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். 

கிளம்பும்போது டாக்டர் வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல், நோயாளிகள் கும்பிடும் முகம். செவிலி அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெட்டியிலிருந்து இரண்டு குப்பிகளும் பழைய இருப்பிலிருந்து ஒன்றும் எடுத்து, குளிர்ப்பையில் வைத்து ஆய்வாளரம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் எதுக்குங்க? கெட்டுப்போன மருந்துதானே," என்றார் டாக்டர்.

"கெட்டதுதானே டாக்டர். எனக்குக் கொடுத்தா யாருக்கு என்ன போகுது?"

டாக்டர் சிரித்தார். ஆனால் பையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தடுப்பூசி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்: டாக்டர், மேலாளர், டோக்கனம்மா, செவிலி, மெக்கானிக். மேலாளர் கடிதத்தையும் பேனாவையும் மேசைமேல் தயாராக வைத்திருந்தார்.

ஆய்வாளரம்மா அவற்றைத் தள்ளிவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை விரித்தாள். அதன்மேல் மூன்று குப்பிகளை வைத்தாள். மூன்றும் ஒரே மருந்து, ஒரே கம்பெனி. கலங்கலான நீர்போல இருக்கும் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி.

"முதல் குப்பி பழைய இருப்பு. ரெண்டாவது செவ்வாய்க்கிழமைப் பெட்டியில இருந்தது; அத நேத்து எங்க கடை ஃப்ரீசர்ல வெச்சு நானே கல்லு மாதிரி உறைய வெச்சு, காலையில உருக வெச்சேன். மூணாவதும் அதே பெட்டிதான், ஆனா நான் ஒண்ணும் செய்யல. மூணையும் இப்பக் குலுக்கி வைக்கறேன். அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது."

குலுக்கினாள். மூன்றும் ஒன்றுபோலக் கலங்கி நின்றன.

"அதுவரைக்கும் பேசுவோம். ஃப்ரிட்ஜ் எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"சனிக்கிழமை அஞ்சுல இருந்து திங்கட்கிழமை ஏழு வரைக்கும். முப்பத்தெட்டு மணி நேரம்!" என்றார் மேலாளர்.

"ஏங்க, இப்பச் சொல்லுங்க."

அந்த ஒரு சொல்லுக்காக மெக்கானிக் முந்தின நாள் மதியத்திலிருந்து தவித்துக்கொண்டிருந்தார். "சார், உங்க போட்டோவ நீங்களே பாருங்க. மேல ஃப்ரீசர் ஓரத்துல என்ன தெரியுது? பனி! விரல் கனத்துக்கு வெள்ளையா ஒட்டியிருக்கு. இந்த வெயில்ல ரெண்டு ராத்திரி கரண்ட் இல்லாம நின்ன ஃப்ரிட்ஜ்ல பனி இருக்குமா? உருகித் தரையெல்லாம் தண்ணியா ஓடியிருக்கும். உங்க தரை காஞ்சு கிடக்கு. முப்பது வருஷமா இதுலதான் என் கை மரத்துப் போச்சு. இந்த ஃப்ரிட்ஜ் நின்னு ஒரு மணி நேரம்கூட ஆகல, எழுதித் தரேன்."

மேலாளர் கைபேசியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப இருபத்தேழு டிகிரி?"

"வெப்பமானிய வெளிய எடுத்துக் கொஞ்ச நேரம் வெச்சாப் போதும். அது ரூமோட சூட்டக் காட்டுது," என்றாள் ஆய்வாளரம்மா. "சொட்டு மருந்துக் கட்டமும் அதையேதான் சொல்லுது, கறுக்கவே இல்ல. சிஸ்டர் பிளக்கப் பிடுங்கல. திங்கட்கிழமை காலையில, ஷட்டர் திறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால யாரோ பிடுங்கியிருக்காங்க."

செவிலி மூச்சு விட்டாள். இரண்டு நாளாக நெஞ்சில் கட்டிவைத்திருந்த மூச்சு அது. "நான் பிடுங்கலன்னு சொன்னேனே," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"அப்போ மேனேஜர்தான்!" என்றாள் டோக்கனம்மா. மெக்கானிக் ஆமோதித்துத் தலையாட்டினார்.

"அவசரப்படாதீங்க. மருந்து சூடேறவே இல்லன்னா, சூட்டுல கெட்டுச்சுன்னு ஏன் ஒருத்தர் காட்டணும்? நல்ல மருந்த வீணாக்கி யாருக்கு என்ன லாபம்? ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். மருந்து ஏற்கெனவே வேற விதமாக் கெட்டுப்போயிருக்கு. அது வெளிய தெரியக் கூடாது." அவள் வழிகாட்டியை எடுத்துப் பொருளடக்கத்தைப் பிரித்தாள். "பத்தொன்பதாம் பக்கம்: 'உறைந்துபோன தடுப்பூசிகள்.' அந்த ஏட்ட மட்டும் கிழிச்சிருக்காங்க. சூட்டப் பத்தின பக்கம் பத்திரமா இருக்கு. சூட்டுல கெட்டதாச் சொல்ற இடத்துல, குளிரப் பத்தின பக்கம் யாரச் சுட்டுச்சு?"

 வெளியே பெஞ்சில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அந்த ஏட்டுல என்ன இருக்கும்னு சிஸ்டருக்குத் தெரியும். சொல்லுங்க."

செவிலி மெதுவாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல முகம் வெளுத்துக்கொண்டே போனது. "இந்த மாதிரிக் கலங்கலான மருந்து உறைஞ்சு போச்சுன்னா அதோட சத்து போயிரும். அப்புறம் உருகினாலும் திரும்ப வராது. கட்டமும் காட்டாது, அது சூட்டுக்கு மட்டும்தான். அந்த மருந்தப் போட்டிருந்தா, போட்டதாவே கணக்குல எடுக்கக் கூடாது. எல்லாருக்கும்... எல்லாருக்கும் மறுபடி போடணும்."

"ஆமா. சனி, ஞாயிறுல சூட்டுல கெட்டதா ஆகிட்டா? அதுக்கப்புறம் ஊசி யாருக்கும் போடல. யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஒரு செவிலியோட வேலை மட்டும் போகும். கதை முடிஞ்சுது. ஆனா மருந்து உறைஞ்சது செவ்வாய்க்கிழமைன்னா, புதன்ல இருந்து சனி வரைக்கும் போட்ட ஒவ்வொரு ஊசியும் வெறும் தண்ணி."

அவள் தாளைச் சுட்டிக்காட்டினாள். யாரும் நேரத்தைப் பார்த்திருக்கவில்லை. முதல் குப்பி இன்னும் மோர்போலக் கலங்கியே இருந்தது. இரண்டாவதில் அடியில் வெள்ளை வண்டல் படிந்து மேலே தெளிநீர் நின்றது. மூன்றாவது, யாரும் ஒன்றும் செய்யாத மூன்றாவது, இரண்டாவதை உரித்துவைத்ததுபோல இருந்தது.

"செவ்வாய்க்கிழமைப் பெட்டி உறைஞ்ச பெட்டி. யார் உறைய வெச்சது? சிஸ்டர் பள்ளிக்கூடத்துல. மேனேஜர் லீவு. டோக்கனம்மா சாப்பிடப் போயாச்சு. மேனேஜருக்கு மருந்து உறைஞ்சதே தெரியாது. தெரிஞ்சிருந்தா, பனியோட படம் எடுத்து அவரே ஊருக்கெல்லாம் அனுப்புவாரா? ஏடு கிழிஞ்ச புத்தகத்த எல்லாரும் படிச்சுக் கையெழுத்துப் போடுங்கன்னு கொண்டுவந்து வைப்பாரா? அவர் கத்துவார், கள்ளம் கிடையாது. ஷட்டர் சாவி அவர்கிட்டத்தான். சனிக்கிழமை பூட்டினதுக்கு அப்புறம் ஷட்டரத் திறக்காம இந்த ரூமுக்கு வர்றதுக்கு ஒரே வழி, எதிர்ல இருக்கற மாடிப்படி."

ஒருவரும் டாக்டரைப் பார்க்கவில்லை. பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அவரே பேசினார்.

"மறுநாள் பூரா கரண்ட் இருக்காதுன்னு போட்டிருந்தாங்க. ஃப்ரிட்ஜ்ல தட்டெல்லாம் நிரம்பியிருந்துச்சு. ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சு நல்லாக் குளிர வெச்சா, மறுநாள் கரண்ட் போனாலும் குளிர் நிக்குமேன்னு வெச்சேன். விடியறதுக்கு முன்னாடியே எடுத்துத் தட்டுல எடம் பண்ணி வெச்சுட்டேன். குளிர் கூடினா மருந்துக்கு நல்லதுதானேன்னு..." அவர் குரல் இறங்கியது. "முப்பது வருஷமா நான் எழுதிக் கொடுத்துட்டே இருக்கேன். இந்த ஃப்ரிட்ஜ நான் தொட்டதே இல்ல. அதெல்லாம் சிஸ்டருங்க பாத்துக்குவாங்க. சனிக்கிழமை அந்தப் பக்கத்தப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

யானைக்கும் அடி சறுக்கும், அதில் குற்றமில்லை. சறுக்கிய யானை பாகன்மேல் பழியைப் போட்டால்தான் குற்றம்.

"நான் ஒண்ணு செஞ்சேன்ல," என்று டாக்டர் நிமிர்ந்தார். "மேற்கொண்டு ஒருத்தருக்கும் அந்த மருந்து போகாம நிறுத்திட்டேன்."

"போனவங்களுக்கு?" என்றாள் ஆய்வாளரம்மா.



பழி நீங்கிய செவிலி மகிழ்ச்சியில் எழுந்து நின்றிருக்க வேண்டும். அவள் எழுந்தாள், ஆனால் பதிவேட்டை எடுக்கத்தான். பக்கங்களைப் புரட்டி விரல் வைத்து எண்ணினாள். கைக்குழந்தைகள் பதினேழு. பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது. பெரியவர்கள் ஐந்து, அதில் இருவர் ஆய்வகத்தில் ரத்தத்தோடு புழங்குகிறவர்கள்.

"முப்பத்தோரு பேர்," என்றாள். "எல்லாம் என் கையால. தேதி சீக்கிரம் முடியுதேன்னு அதையே தேடித்தேடி எடுத்துப் போட்டேன்." அவளுக்கு அழுகை வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை, அதற்காக நிற்கவும் இல்லை. தொலைபேசியை மேசையின் நடுவுக்கு இழுத்தாள்.

டாக்டர் பதறி எழுந்தார். "சிஸ்டர், இருங்க. எல்லாரையும் கூப்பிடுவோம், மறுபடி போட்டுருவோம். வேண்டாங்கல. ஆனா காரணம் சொல்ல வேண்டாம். கூடுதல் பாதுகாப்புக்கு ஒரு டோஸ்னு சொல்லிடலாம். ஏற்கெனவே ஊசின்னாலே நூறு சந்தேகம் கிளப்பறாங்க. கெட்டுப்போனதப் போட்டோம்னு தெரிஞ்சா, அப்புறம் ஒருத்தன்கூடக் குழந்தையத் தூக்கிட்டு வரமாட்டான். என் பேரு போகட்டும், குழந்தைங்கள நினைச்சுப் பாருங்க."

அது பொய்யான பயமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆய்வாளரம்மாகூட வாய் திறக்கவில்லை. துப்பறிவதோடு அவள் வேலை முடிந்துவிட்டது. இனிச் சொல்ல வேண்டியது ஊசி போட்டவள்தான்.

"டாக்டர், வலிக்காதுன்னு குழந்தைகிட்டக் கூட நான் பொய் சொன்னதில்ல," என்றாள் செவிலி. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னுதான் சொல்வேன். இவ்வளவு வருஷமும் எங்கிட்ட வந்தாங்கன்னா அதுக்காகத்தான் வந்தாங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுக்கு நான் கரண்டி பிடிக்க மாட்டேன். இன்னைக்கு நாம சொன்னா திட்டுவாங்க. நாளைக்கு வேற எவனாவது சொல்லித் தெரிஞ்சா, அப்பத்தான் நிஜமாவே வரமாட்டாங்க. உண்மையச் சொல்லித்தான் கூப்பிடுவேன். வேணும்னா இப்பவே என்ன வேலையவிட்டு அனுப்புங்க. வீட்டு போன்ல இருந்து கூப்பிடறேன்."

முதலில் அசைந்தவர் மேலாளர். தான் கொண்டுவந்த கடிதத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள புது மருந்து இங்க இருக்கும். நானே போய், குளிர்ப்பெட்டியில கையோட வாங்கிட்டு வரேன்," என்று வழக்கம்போலக் கத்தினார். "சுகாதார அலுவலகத்துக்கும் நானே எழுதறேன், நடந்தத நடந்தபடி!"

டோக்கனம்மா நாற்காலியை இழுத்துச் செவிலி பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "நீ பேசு. நான் நேரம் எழுதறேன்."

முதல் எண்ணில் ஒரு தாய். பாதி கேட்டதும் அழுதாள், பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டாள். செவிலி பெயருக்கு எதிரே 'மாலையில் நேரில் போக வேண்டும்' என்று எழுதச் சொல்லிவிட்டு, இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.

ஒரு தகப்பன் எடுத்தான். பின்னால் லாரி உறுமும் சத்தம் கேட்டது.

"கிளினிக்ல இருந்து ஊசி போடற சிஸ்டர் பேசறேன். உங்க பாப்பாவுக்குப் போன வியாழக்கிழமை நான் போட்ட மருந்து, உறைஞ்சு கெட்டுப்போன மருந்து. அதனால அவளுக்குக் கெடுதல் எதுவும் வராது. ஆனா பாதுகாப்பும் கிடைச்சிருக்காது. மறுபடி போடணும்."

"கெட்டுப்போனதா? கெட்டுப்போனத எதுக்குப் போட்டீங்க?"

"எங்க தப்புங்க. எங்க கிளினிக்லதான் கெட்டுது. கவனிக்காமப் போட்டது நான்."

அவன் திட்டினான். அறையில் எல்லாருக்கும் கேட்டது. வேலைக்கு ஒருநாள் லீவு போட்டு வந்ததைச் சொன்னான், பிள்ளை இரண்டு நாள் காலை அசைக்காமல் அழுததைச் சொன்னான். அவள் இடையில் குறுக்கிடவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து நகர்த்தவுமில்லை. டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நிற்க முடியாமல், பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து நான்கு எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு தன் அறைத் தொலைபேசிக்குப் போனார்.

லாரிச் சத்தம் நின்றது.

"சரி, இத ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?" என்று கேட்டான் அந்தத் தகப்பன். "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லையே."

"அதனாலதாங்க சொல்றேன்."

மறுமுனையில் லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போய்விட்டான் என்றே அவள் நினைத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்?" என்றான். "ஆனா ஒண்ணு. நீங்கதான் போடணும். வேற யாரு போட்டாலும் நான் தூக்கிட்டுப் போயிருவேன்."

"ஒன்பதரைக்கு வாங்க," என்றாள் செவிலி. "நான்தான் போடுவேன்."

டோக்கனம்மா நேரத்தை எழுதினாள். செவிலி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மூன்றாவது எண்ணை அழுத்தினாள்.